தசைவலியும் கைமுறைச் சிகிச்சையும்

உடலுழைப்பால் வாழும் மக்களிடையே காணப்படும் நோவுகளுள் தசைவலிக்கும் உறுப்புக்களின் இறுக்கத்துக்கும் முதலிடம் உண்டு. வங்காளத்து வயலில் குனிந்து நாற்று நடும் பெண், பதோஹியில் தறியின் முன் அமர்ந்து கம்பளம் முடையும் தொழிலாளி, அஸ்ஸாமில் நெற்றிப்பட்டையில் கூடையைத் தாங்கித் தேயிலை கொய்பவர், அலுவலகத்தில் நாள் முழுவதும் கணிப்பொறியின் முன் இருப்பவர் ஆகிய அனைவரும் மாலையில் கழுத்தையோ இடுப்பையோ பிடித்துக்கொண்டே எழுகின்றனர். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2020-ஆம் ஆண்டில் இடுப்புவலியால் மட்டும் உலகில் 61 கோடியே 90 லட்சம் மக்கள் துன்புற்றனர்.

இந்நோவுக்கு மக்கள் முதலில் நாடுவது பெரும்பாலும் மருந்தன்று, மற்றொருவருடைய கையே. வடநாட்டில் மாலிஷ் என்றும், கேரளத்தில் உழிச்சில் என்றும், தமிழில் நீவுதல், உருவிவிடுதல், பிடித்துவிடுதல் என்றும் இதற்குப் பெயர்கள் பல. பெயர் எதுவாயினும், கையைப் பயன்படுத்துவோர் மூன்று செய்திகளை அறிந்திருத்தல் வேண்டும். கை எதனைச் செய்ய வல்லது? எதனைச் செய்ய வல்லதன்று? எவ்விடத்தில் அது படவே கூடாது? இம்மூன்றையும் விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. பழைய வழக்கமும் புதிய கல்வியும்

உடலுக்கு எண்ணெயிட்டுத் தேய்க்கும் முறை இந்நாட்டுக்குப் புதியதன்று. ஆயுர்வேதம் இதனை அப்பியங்கம் எனப் பெயரிட்டு, நாள்தோறும் செய்யத்தக்க ஒழுக்கங்களுள் ஒன்றாக வைத்துள்ளது. இன்று தலைமுடி கழுவும் பொருளைக் குறிக்கும் ‘ஷாம்பு’ என்னும் ஆங்கிலச் சொல்லும், பிசைந்து பிடித்துவிடுமாறு ஏவும் ஹிந்திச் சொல்லிலிருந்து பிறந்ததே. 1759-ல் பாட்னாவில் பிறந்த தீன் முகம்மது என்பவர், 1814-ல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுதலும் சேர்ந்த ஒரு நிலையத்தைத் தொடங்கிப் பெரும் புகழ் பெற்றார்.

ஐரோப்பாவில் இம்முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒழுங்கு பெற்றது. ஸ்வீடன் நாட்டவரான லிங் 1813-ல் ஸ்டாக்ஹோம் நகரில் உடற்பயிற்சிக் கழகம் ஒன்றை நிறுவினார். பின்னர் ஆம்ஸ்டர்டாம் மருத்துவரான மெட்ஸ்கர், கைமுறைகளை நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல் என வகைப்படுத்தினார். இருபதாம் நூற்றாண்டில், லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஜேம்ஸ் சிரியாக்ஸ், தசைநாணின் குறுக்கே ஆழமாகத் தேய்க்கும் முறையைப் பரப்பினார். 1961-ல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடிக்கு மருத்துவராக அமர்ந்த ஜேனட் டிராவெல், தசையின் ஓரிடத்தை அழுத்தினால் வேறோரிடத்தில் வலி தோன்றுவதைப் படங்களாக வரைந்து காட்டினார்.

இந்தியாவில் இக்கல்வி வேரூன்றியதற்கு இளம்பிள்ளை வாதமே முக்கியக் காரணம் எனலாம். அந்நோயால் கால் சூம்பிய குழந்தைகளுக்குப் பயிற்சியளிக்கத் தேர்ந்த ஊழியர் தேவைப்பட்டனர். 1950-களின் தொடக்கத்தில் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையுடன் இயன்முறை மருத்துவப் பள்ளி தோன்றியது. 1955-ல் இந்திய இயன்முறை மருத்துவர் சங்கம் அமைந்தது. 2014-ல் இந்நாடு இளம்பிள்ளை வாதத்தினின்று விடுபட்டதாகச் சான்று பெற்றது. நோய் அகன்றபின்னும் அதன்பொருட்டுப் பிறந்த கல்வி நிலைத்து வளர்ந்துள்ளது. 2021-ல் நிறைவேறிய தேசியச் சட்டமொன்று, இயன்முறை மருத்துவம் உள்ளிட்ட துணை மருத்துவத் தொழில்களுக்குப் பொதுவான தகுதிமுறைகளை வகுக்க வழி செய்துள்ளது.

2. கையின் கீழே இருப்பவை

மனித உடலில் 600-க்கும் மேற்பட்ட தசைகள் உள்ளன. உடல் எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பங்கு இவற்றின் எடையாகும். ஒவ்வொரு தசையும் ஆயிரக்கணக்கான நுண்ணிழைகளின் கட்டு. இக்கட்டை மெல்லிய நார்ப்போர்வை ஒன்று சூழ்ந்துள்ளது. தசையை எலும்போடு பிணைப்பது தசைநாண். எலும்பை எலும்போடு பிணைப்பது பிணைப்பு நார். தோல், அதனடியில் உள்ள கொழுப்பு, நார்ப்போர்வை, தசை, தசைநாண், பிணைப்பு நார் ஆகிய அனைத்தும் மென்திசுக்கள் எனப்படும்.

இவை வெறும் இறைச்சியும் கயிறும் அல்ல. தசையின் நீளம் மாறுவதையும், தசைநாண் தாங்கும் இழுவிசையையும், தோலின்மேல் விழும் அழுத்தத்தையும் உடனுக்குடன் அறிந்து, தண்டுவடத்துக்கும் மூளைக்கும் செய்தி அனுப்பும் உணர்வுறுப்புக்கள் இவற்றில் நிறைந்துள்ளன. இச்செய்தியை மனத்திற்கொண்டால்தான், கைமுறைச் சிகிச்சை வேலை செய்யும் வகை விளங்கும்.

3. தசை இறுகுவது ஏன்?

தசை இறுகுவதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் மூன்று முக்கியமானவை. முதலாவது, பழக்கமில்லாத கடும் உழைப்பு. அறுவடையின் முதல் நாளிலோ, பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு மறுநாளிலோ தோன்றும் வலி இவ்வகையைச் சேர்ந்தது. இது ஓரிரு நாளில் உச்சம் அடைந்து, ஒரு வாரத்துக்குள் தானே தணியும்.

இரண்டாவது, நீண்ட நேரம் ஒரே நிலையில் இருத்தல். தசை சுருங்கி விரியும்போது குருதி அதனுள் புகுந்து வெளியேறுகிறது. சிறிதளவு சுருங்கிய நிலையிலேயே மணிக்கணக்காக அது நின்றுவிட்டால் களைப்பும் நோவும் மிகுகின்றன. நெசவாளருக்கும் தையற்காரருக்கும் தோளில் வலி வருவது சுமையினால் அன்று, அசைவின்மையினால் ஆகும்.

மூன்றாவது, காவல். உடலின் ஓரிடம் நொந்தால், நரம்பு மண்டலம் அதனைச் சுற்றியுள்ள தசைகளை இறுக்கி அவ்விடம் அசையாதபடி காக்கிறது. காயம் புதிதாயிருக்கும்போது இது நன்மையே. காயம் ஆறியபின்னும் காவல் நீங்காதிருக்குமாயின், வலிக்கு அஞ்சி அசையாமலும், அசையாமையால் மேலும் இறுகியும், இறுக்கத்தால் மீண்டும் வலித்தும் நோயாளி ஒரு சுழலில் அகப்படுகிறார்.

4. கை உண்மையில் செய்வது என்ன?

கைமுறைகளைப் பற்றி மக்களிடையே வழங்கும் கருத்துக்கள் சில, விஞ்ஞானத்துக்கு ஒவ்வாதவை.

‘நரம்பின்மேல் நரம்பு ஏறிவிட்டது, அதனை இறக்கிவிட வேண்டும்’ என்பது நாடெங்கும் கேட்கும் பேச்சு. நரம்புகள் அவ்வாறு ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதில்லை. கையில் தட்டுப்படுவது இறுகிய தசைக்கட்டோ, தசைநாணோ ஆகும்.

‘தசையில் தேங்கிய லாக்டிக் அமிலத்தைப் பிசைந்து வெளியேற்ற வேண்டும்’ என்பது படித்தவர்களிடையே பரவியுள்ள கருத்து. உழைப்பின்போது உண்டாகும் லாக்டேட், ஓய்வு தொடங்கிய ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் தானே குறைந்துவிடுகிறது. மறுநாள் வலிக்கு அது காரணமன்று.

‘ஒட்டிக்கொண்ட நார்ப்போர்வையைப் பிரித்துவிடலாம்’ என்பது மூன்றாவது கருத்து. 2008-ல் வெளிவந்த கணித ஆய்வொன்று, தொடையின் வெளிப்புறத்திலும் உள்ளங்காலிலும் உள்ள தடித்த நார்ப்போர்வைகளைச் சிறிதளவு உருமாற்றுவதற்கும், மனிதக் கையால் இயல்பாகக் கொடுக்க இயலாத பெருவிசை தேவை என்று காட்டியது. ஆகவே, வலிக்க வலிக்க அழுத்தினால்தான் பலன் உண்டு என்னும் எண்ணத்துக்கு அடிப்படை இல்லை.

அவ்வாறாயின், பிடித்துவிட்டதும் கழுத்து எளிதில் திரும்புவது எதனால்? விடை நரம்பு மண்டலத்தில் உள்ளது. 1965-ல் மெல்சாக், வால் என்னும் இரு விஞ்ஞானிகள் ஒரு கொள்கையை வெளியிட்டனர். தொடுதல், அழுத்தம் ஆகியவற்றின் செய்திகள் தண்டுவடத்தை அடையும்போது, வலிச் செய்தி மேலே செல்லும் வாயில் ஓரளவு அடைபடுகிறது என்பது அதன் சாரம். அடிபட்ட இடத்தைக் குழந்தை தானே தேய்த்துக்கொள்வதன் பொருள் இதுவே. தோலும் தசையும் அழுத்தத்தை உணரும் நுண்ணிய வாயில்களைக் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியனும், வெப்பத்தை உணரும் வாயிலைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸும் 2021-ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

நீட்டுதலின் பயனும் இவ்வாறே. சில வாரங்கள் நீட்டிப் பயின்றவர்கள் முன்னினும் அதிகமாக வளைய முடிவது, பெரும்பாலும் தசை நீண்டுவிட்டதனால் அன்று. அந்த நிலையை நரம்பு மண்டலம் அபாயமாகக் கருதாமல் பொறுத்துக்கொள்ளக் கற்றதனால் ஆகும்.

எனவே, கை எதனையும் பிரிப்பதில்லை, உடைப்பதில்லை. காவலைத் தளர்த்துகிறது, அவ்வளவே. அத்தளர்ச்சி சில மணி நேரமோ சில நாளோ நிற்கும். அந்த இடைவெளியில் நோயாளி அசையத் தொடங்கினால் பயன் நிலைக்கும். படுத்தே இருந்தால் பழைய இறுக்கம் திரும்பும். நாட்பட்ட இடுப்புவலி பற்றி உலகச் சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டி நூலும், கைமுறைகளைத் தனித்துக் கூறாமல், நோயாளிக்கு விளக்கம் அளித்தல், உடற்பயிற்சி முதலியவற்றோடு சேர்த்தே வைத்துள்ளது.

5. ஐந்து கைமுறைகள்

(அ) நீவுதல். உள்ளங்கை முழுவதையும் பதித்து, கை கால்களில் நுனியிலிருந்து உடலை நோக்கி மெதுவாகத் தடவுதல். தொடக்கத்திலும் முடிவிலும் செய்யத்தக்கது. ஒரு நொடிக்கு ஐந்து சென்டிமீட்டர் அளவில் கை நகர்ந்தால் போதும். தோலில் உள்ள மென்மையான தொடுகையை உணரும் நரம்பிழைகள் இவ்வேகத்துக்கே நன்கு இசைகின்றன.

(ஆ) பிசைதல். தசையைக் கட்டைவிரலுக்கும் ஏனைய விரல்களுக்கும் இடையே பற்றி, மாவு பிசைவது போல உயர்த்தி, அமுக்கி, விடுதல். தோள், தொடை, கெண்டைக்கால் ஆகிய சதைப்பற்றுள்ள இடங்களுக்கு ஏற்றது. தோலைக் கிள்ளக் கூடாது.

(இ) அழுத்திப் பிடித்தல். மிக நோகும் புள்ளியைக் கண்டு, விரல் நுனியால் மெல்ல அழுத்தி, 30 முதல் 60 நொடி வரை அசையாமல் வைத்திருத்தல். பத்தில் நான்கு பங்குக்கு மேற்பட்ட வலி என நோயாளி கூறினால், அழுத்தத்தைக் குறைத்தல் வேண்டும். இப்புள்ளிகளின் தன்மை பற்றி வல்லுநரிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. இருவர் தனித்தனியே தேடினால் ஒரே இடத்தைக் காட்டாமையும் உண்டு. ஆகவே, நோயாளியின் வாய்மொழியே இதற்கு வழிகாட்டி.

(ஈ) குறுக்கே தேய்த்தல். தசைநாணின் இழை ஓடும் திசைக்குக் குறுக்காக விரல் நுனியால் தேய்த்தல். இதுவே சிரியாக்ஸ் பரப்பிய முறை. தசைநாணின் இடத்தைச் சரியாக அறியாதவர் செய்தால் புண்ணாக்கும். ஆதலால் பயிற்சி பெற்றவரே செய்யத்தக்கது.

(உ) இறுக்கி நீட்டுதல். உறுப்பை அது எளிதில் செல்லும் எல்லைவரை கொண்டு சென்று, அங்கே ஊழியர் தம் கையால் தடுக்க, நோயாளி தம் வலிமையில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் செலுத்தி 5 முதல் 10 நொடி எதிர்த்துத் தள்ளுதல். பின் மூச்சை விட்டுத் தளர்ந்ததும், உறுப்பைப் புதிய எல்லைக்குக் கொண்டுசெல்லுதல். இவ்வாறு மூன்று முதல் ஐந்து முறை செய்யலாம். இதில் பெரும்பங்கு வேலையை நோயாளியே செய்கிறார் என்பது இதன் சிறப்பு.

6. ஒரு செயல்முறை: தோளும் பிடரியும்

தறியில் அமர்பவர் ஒருவருக்குப் பிடரியும் வலத்தோளும் இறுகியுள்ளன எனக் கொள்வோம். அடிபடவில்லை, காய்ச்சல் இல்லை, கையில் மரமரப்பு இல்லை. ஊழியர் பின்வரும் வரிசையில் செயற்படலாம்.

முதலில் அளத்தல். நோயாளியை நிமிர்ந்து உட்காரச் செய்து, முகவாயை வலத்தோளை நோக்கித் திருப்பச் சொல்லி, முகவாய்க்கும் தோள்முனைக்கும் உள்ள தூரத்தை ஒரு நூலால் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். இடப்புறமும் அவ்வாறே. அளக்காமல் செய்யும் சிகிச்சையில், பலன் கண்டதா என்பது ஊழியருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது.

அடுத்து, கைகளைக் கழுவி, நகங்களைக் களைந்து, சிறிது எண்ணெய் தடவித் தோளின் மேற்புறத்தை இரண்டு நிமிடம் நீவ வேண்டும். பின் இரண்டு மூன்று நிமிடம் பிசைதல். மிக நோகும் புள்ளி இருப்பின், அதனை ஒரு நிமிடத்துக்கு மேற்படாமல் அழுத்திப் பிடித்தல். பிறகு தலையை இடப்புறம் சாய்த்து, நோயாளி தம் வலத்தோளை மெல்ல மேலே உயர்த்த முயல, ஊழியர் அதனைத் தடுத்து, முன் கூறியவாறு மூன்று முறை இறுக்கி நீட்டச் செய்யலாம். முடிவில் மீண்டும் நீவுதல். மொத்தம் பத்து நிமிடம் போதும்.

பின்னர் மீண்டும் அளத்தல் வேண்டும். தூரம் குறைந்திருந்தால், அவ்வெல்லை வரை நோயாளி தாமே பத்து முறை தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை தறியைவிட்டு எழுந்து தோளைச் சுழற்றுமாறும், நாள்தோறும் மும்முறை அதே நீட்டலை 30 நொடி செய்யுமாறும் கற்பித்தல் வேண்டும். சிகிச்சையின் பயன் நிலைப்பது இக்கடைசிப் பகுதியினாலேயே.

கழுத்தின் முன்புறத்தையும் பக்கங்களையும் அழுத்தலாகாது. மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் நாளங்கள் அங்கே உள்ளன. கழுத்தைத் திடீரெனத் திருப்பிச் சொடுக்கெடுக்கும் வழக்கம் முடிதிருத்தும் கடைகளில் உண்டு. அரிதாயினும், அதனால் நாளத்தின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் நேரக்கூடும். ஆகவே அதனை ஒருபோதும் செய்யலாகாது.

7. மடங்கிய விரல்கள்

தசைவலி இல்லாமலேயே அசைவு குன்றும் நிலைகளும் உண்டு. தொழுநோய் முழங்கையின் பின்புறம் ஓடும் நரம்பைத் தாக்கினால், மோதிர விரலும் சுண்டுவிரலும் மடங்கிப்போகின்றன. மருந்து கிருமியைக் கொல்லும். மடங்கிய விரலின் தோலும் மூட்டும் நாளடைவில் அப்படியே இறுகிவிடுவதைத் தடுப்பது கையின் வேலை. பாதிக்கப்பட்ட கையைத் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, ஈரம் காயுமுன் எண்ணெய் தடவி, தொடையின்மேல் வைத்து, மற்றொரு கையின் ஓரத்தால் விரல்களை அடியிலிருந்து நுனி நோக்கி மெல்ல நீவி நிமிர்த்த வேண்டும். இதனை நோயாளி தாமே நாள்தோறும் செய்துகொள்ளலாம். அக்கைக்கு உணர்ச்சி குறைந்திருக்குமாதலால், வெந்நீரும் சூடான ஒத்தடமும் கூடா. கொப்புளம் எழுந்தாலும் நோயாளி அறியமாட்டார். விரலின் வலுக்குறைவு தோன்றி ஆறு மாதத்துக்கு உட்பட்டதாயின், நரம்பைக் காப்பாற்றும் மருந்து உண்டு. ஆதலால், அத்தகையவரை முதலில் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்.

8. கை படக்கூடாத நிலைகள்

வலி என்பது பல நோய்களுக்குப் பொதுவான மொழி. தசைவலி போலத் தோன்றி, உள்ளே வேறு கேட்டை மறைத்து நிற்பவை சில. கீழ்க்காணும் அடையாளங்கள் தெரிந்தால், ஊழியர் கையை எடுத்துவிட்டு நோயாளியை மருத்துவரிடம் அனுப்புதல் கடமையாகும்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாயிருத்தல். சிறப்பாகப் பிரசவத்துக்குப் பின்னோ, அறுவைச் சிகிச்சைக்குப் பின்னோ, நெடுநாள் படுக்கைக்குப் பின்னோ. இது ஆழ்நாளத்தில் குருதி உறைந்ததன் அறிகுறியாகலாம். பிசைந்தால் உறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிரைப் போக்கக்கூடும்.

முதுகுவலியோடு மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, இரவில் வலி மிகுதல், முதுகெலும்பில் கூனல். இது முதுகெலும்பைத் தாக்கும் காசநோயாகலாம்.

இடுப்புவலியோடு கால் தளர்தல், சிறுநீர் கட்டுப்படாமை அல்லது கழியாமை, அமரும் இடம் மரத்தல். இது தண்டுவட நரம்புகள் நசுங்குவதன் அடையாளம். அன்றே மருத்துவமனை சேர்த்தல் வேண்டும்.

மழைக்காலத்தில் வயலில் இறங்கியவருக்குக் கடுங்காய்ச்சல், கண் சிவத்தல், கெண்டைக்காலைத் தொடவும் முடியாத வலி. இது எலிக்காய்ச்சலாகலாம்.

ஒருபுறம் அன்றி இடுப்பு, தொடை முழுவதும் நோதல், தரையிலிருந்து எழ முடியாமை, வாத்து நடை. வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே வாழும் பெண்களிடம் இது வைட்டமின் டி குறைவால் எலும்பு மென்மையானதைக் காட்டும். தேய்ப்பதால் தீராது.

9. பள்ளியில் விழுந்த குழந்தை

ஆசிரியர்கள் தனியே மனத்திற்கொள்ள வேண்டியது முழங்கைக் காயம். ஐந்து முதல் எட்டு வயதுக் குழந்தை கையை ஊன்றி விழும்போது, முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது அடிக்கடி நேர்கிறது. முழங்கை வீங்குகிறது. ‘சுளுக்குத்தான்’ எனக் கருதி, எண்ணெய் தேய்த்து உருவி, மூங்கில் பட்டை வைத்து இறுகக் கட்டுவது பல மாநிலங்களில் இன்றும் காணும் வழக்கம்.

இதனால் இருவகைக் கேடு விளைகிறது. முதலாவது, காயம்பட்ட தசையை உருவ உருவ அதனுள் குருதி கசிந்து, சில வாரங்களில் அத்தசைக்குள்ளேயே எலும்பு விளைகிறது. பின் அக்கை மடங்குவதில்லை, நீளுவதுமில்லை. இரண்டாவது, இறுகிய கட்டு முன்கைக்குச் செல்லும் குருதியைத் தடுக்கிறது. குருதி பெறாத தசை ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் மீளாத கேட்டை அடைகிறது. தப்பினாலும் விரல்கள் கொக்கி போல் சுருங்கிவிடும். தப்பாவிடில் கையையே இழக்க நேரும்.

ஆதலால், விழுந்த குழந்தையின் வீங்கிய முழங்கையைத் தேய்க்கலாகாது, இழுக்கலாகாது, நீட்டிப் பார்க்கவும் ஆகாது. அக்கை இருந்த நிலையிலேயே ஓர் அட்டையையோ சுருட்டிய செய்தித்தாளையோ வைத்துத் தளர்வாகக் கட்டி, துணியால் கழுத்தில் தொங்கவிட்டு, எக்ஸ்-ரே உள்ள மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். ஏற்கெனவே கட்டுப் போட்டு வந்த குழந்தைக்கு விரல் வெளுத்தாலோ, குளிர்ந்தாலோ, மரத்தாலோ, விரலை நீட்டும்போது பொறுக்க முடியாத வலி எழுந்தாலோ, கட்டை உடனே வெட்டிவிட்டு மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். இந்த ஒரு செய்தியைப் பெற்றோர் கூட்டத்தில் ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துரைத்தாலும் சில குழந்தைகளின் கைகள் பிழைக்கும்.

10. ஓர் ஊரே விறைத்திருப்பின்

ஒருவருக்கு முதுகு விறைத்தால் அது அவருடைய தசையின் குறையாகலாம். ஊரில் பலருக்கும் விறைத்தால் காரணம் குடிநீரில் இருக்கலாம். 1937-ல் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் ஃப்ளோரைடு நஞ்சு நோய் இந்நாட்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. ஒரு லிட்டர் நீரில் ஃப்ளோரைடு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. மேற்பட்ட நீரைப் பல்லாண்டு அருந்துவோரின் எலும்பு தடித்து, பிணைப்பு நார்களிலும் சுண்ணாம்பு படிந்து, முதுகும் மூட்டுக்களும் கட்டிப்போகின்றன. அவர்களை எவ்வளவு பிடித்துவிட்டாலும் அசைவு திரும்பாது. வன்மையாகச் செய்தால் தீங்கே நேரும்.

இதனைச் சந்தேகிக்க மூன்று எளிய சோதனைகள் உண்டு. முழங்காலை மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொடுதல். முகவாயால் மார்பைத் தொடுதல். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, மடக்கித் தலையின் பின்புறத்தைத் தொடுதல். இம்மூன்றிலும் பலர் தவறினாலும், பள்ளிப் பிள்ளைகளின் பற்களில் வெண்சுண்ணப் புள்ளிகளோ பழுப்பு நிறக் குறுக்குக் கோடுகளோ தென்பட்டாலும், நீரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். 2008-09 முதல் மத்திய அரசின் ஃப்ளோரைடு நோய்த் தடுப்புத் திட்டம் நடைபெற்று வருகிறது. பற்களை நாள்தோறும் காணும் ஆசிரியரே இங்கு முதற்காவலர்.

11. முடிவுரை

கை மலிவான கருவி, எங்கும் உள்ளது, மின்சாரம் வேண்டாதது. நொந்தவருக்கு அது ஆறுதலையும், அசைவதற்கு ஒரு வாய்ப்பையும் தருகிறது. ஆயினும் அது தரும் நலம் குறுகிய காலத்தது. அசைவே அதனை நிலைநிறுத்தும். தொடுமுன் கேட்டறிதல், தொடும்போது அளவறிதல், தொட்டபின் அசையக் கற்பித்தல், தொடக்கூடாதவரைத் தக்க இடத்துக்கு அனுப்புதல் ஆகிய நான்கும் சேர்ந்ததே கைமுறைச் சிகிச்சையாகும். இவற்றுள் கடைசியதைச் செய்யத் தெரிந்தவரே ஏனைய மூன்றையும் செய்யத் தகுதியுடையவர்.

பயிற்சி வினாக்கள்

1. பிடித்துவிட்டபின் கழுத்து எளிதில் திரும்புவதன் காரணம் யாது?

2. வலிக்க அழுத்தினால்தான் பலன் உண்டு என்னும் கருத்து ஏன் பொருந்தாது?

3. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அளப்பதன் பயன் யாது? நூலும் அளவுகோலும் கொண்டு வகுப்பில் இருவர் இருவராக முகவாய்க்கும் தோளுக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதுக.

4. முழங்கை வீங்கிய குழந்தைக்குச் செய்ய வேண்டியனவும் செய்யக்கூடாதனவும் யாவை?

5. ஒருவருடைய விறைப்பையும் ஓர் ஊரின் விறைப்பையும் வேறுபடுத்தி அறிவது எவ்வாறு?